மண்ணுக்குள் இறங்கிய நிலையம்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருந்த ஒரு தென்னை ஆராய்ச்சி நிலையம், பொய் அறிக்கையில் கையெழுத்து விழும்போதெல்லாம் ஒரு விரற்கடை மண்ணுக்குள் இறங்கியது. அங்கிருந்தவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாசற்படி மறைந்தபோது உள்ளே இறங்க ஏணி வைத்தார்கள். சன்னல் வரை மண் வந்தபோது பகலிலும் டியூப் லைட் போட்டுக்கொண்டார்கள். நிலையத் தலைவர் முத்துராமலிங்கம் கெட்டவர் இல்லை. தோற்றுப்போன சோதனையை அப்படியே எழுதிய முந்தைய தலைவரை ஒரே வாரத்தில் தூக்கியடித்ததைப் பார்த்திருந்தார், அவ்வளவுதான். அதனால், வாடல் நோய்க்கான வேர் மருந்து ஒரு மரத்தைக்கூடப் பிழைக்கவைக்கவில்லை என்று இளம் விஞ்ஞானி செலினா எழுதிக்கொண்டு வந்தபோது, "இன்னும் ஒரு வருஷம் பாப்பம்மா, இப்ப நல்லா வருதுன்னே போடுங்க" என்றார். அவளும் போட்டாள். மேசைமேல் தம்ளர் தண்ணீர் லேசாகத் தளும்பியது.

பக்கத்து ஊரான தேவதானத்தில் தென்னை விவசாயி சிவனாண்டி அந்த மருந்தை நம்பி, பட்டுக்கொண்டிருந்த மரங்களை வெட்டாமல் வைத்திருந்தார். 2023 ஆடிக் காற்றில் ஒரு மரத்தின் கொண்டை முறிந்து, கீழே புல் அறுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி வெள்ளத்தாயின் மேல் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சிவனாண்டி நிலையத்துக்கு வந்து செலினா முன்னால் நின்றார். சத்தம் போடவில்லை.

"மருந்து கேக்காதுன்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா தாயி?"

"தெரியும்யா."

"ஒரு வார்த்தை சொல்லிருந்தா வெட்டிப் போட்டிருப்பேனே."

அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் செலினா எழுந்து, எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொன்னாள். பிறகு களப்பணியாளர் காசிராஜன், மரத்தில் ஏறாமலே காய்ப்புக் கணக்கு எழுதியதைச் சொன்னார். அப்புறம் ஒவ்வொருவராக. கடைசியில் முத்துராமலிங்கம், "நாந்தான் அப்படிப் போடச் சொன்னேன்" என்று சொல்லி, மருந்தை நிறுத்தும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். மாசம் முடியுமுன் அவருக்கு மாற்றல் வந்தது. கட்டடம் அதற்கு மேல் இறங்கவில்லை, ஏறவும் இல்லை.

அதிலிருந்து திங்கள்தோறும் தோற்றதைச் சொல்லித்தான் கூட்டம் தொடங்குகிறது. விவசாயிகளும் வந்து உட்காருகிறார்கள். நோய் கண்ட மரத்தை உடனே வெட்டிச் சுற்றிலும் வாய்க்கால் எடுக்கச் சொன்னதில், தேவதானத்தில் பாதித் தோப்புகள் தப்பின. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே ஏணியில் இறங்கச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். போன பங்குனியில், சோதனையில் இருந்த புது மருந்தும் கேட்கவில்லை என்று செலினா சொன்னாள். வெள்ளத்தாய் தன் கையால் வீட்டு வாசலில் வைத்த மரத்துக்குச் சிவனாண்டி அதைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சரி தாயி, இன்னைக்கே வெட்டிருதேன்" என்று சொல்லிவிட்டு, ஏணியில் ஏறி பஸ்ஸுக்குப் போனார்.