புரட்டாசியில் ஒரு சூப்

ஹாரன் விடாமல் அலறியது. பகல் பதினொரு மணிக்கு மண்ணூர் தெருவுக்குள் கம்பெனி வேன் வரவே வராது. செங்கமலம் ஈரக் கையோடு வாசலுக்கு ஓடினாள். அவள் கணவன் மோகனை இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள்.

"பயப்படாதீங்கக்கா. லைன்ல மயக்கம் போட்டுட்டாரு. ஒடம்புல தெம்பில்லன்னு நர்ஸ் சொன்னாங்க. காய்கறி போட்டு சிக்கன் சூப் வெச்சுக் குடுங்க" என்றார் வேன் டிரைவர்.

அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை மோகன் கம்பெனி டாக்டர் முன்னால் நின்றாக வேண்டும். ஒரகடம் கார் கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் ஆறு வருஷமாகக் கான்ட்ராக்ட் வேலை. அந்த மெடிக்கல் டெஸ்டில் தேறினால் பெர்மனென்ட் ஆர்டர். தவறினால் அடுத்த பட்டியல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அந்த ஆர்டருக்காகத்தான் செங்கமலம் புரட்டாசி விரதமே இருந்தாள். மாதம் முடியும்வரை வீட்டுப் பாத்திரத்தில் கவிச்சி கிடையாது. அவள் நாக்கில் ஒரு சொட்டு படக் கூடாது.

இப்போது வேறு வழியில்லை. கறிக்கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த அந்தோணிராஜ் அவளைக் கண்டதும் நிமிர்ந்தான்.

"இன்னாக்கா, பெருமாள் லீவு குடுத்துட்டாரா?"

"வாய மூடிக்கினு அரை கிலோ எலும்போட வெட்டுடா. அவருக்கு ஒடம்பு சரியில்ல."

அவன் சிரிப்பு நின்றது. கத்தியை எடுத்தான்.

பக்கத்து வீட்டு இசைவாணி தன் பாத்திரத்தையே கொண்டுவந்து பின்கட்டு அடுப்பில் வைத்தாள். "பெருமாள் எட்டிப் பாத்தா, இது மாதா வூட்டுப் பாத்திரம்னு சொல்லிக்கலாங்க்கா."

கறியைக் கழுவி, இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம், மஞ்சள் சேர்த்து இசைவாணியே வேகவைத்தாள். அதற்குள் தெருமுனையில் தண்ணி லாரி வந்துவிட்டது. குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

செங்கமலம் கேரட், பீன்ஸ், சௌசௌவைப் பொடியாக நறுக்கிப் போட்டாள். மிளகும் சீரகமும் தட்டிச் சேர்த்தாள். கையால் உப்பை அள்ளிப் போட்டாள். பழக்கத்தில் கரண்டியைச் சாய்த்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டவள், வாய்வரை கொண்டுபோய் நிறுத்தினாள். புடவையில் துடைத்துக்கொண்டாள். கையளவு தப்பாது என்று நினைத்தாள்.

மோகன் சுவரில் சாய்ந்தபடி டம்ளரை வாங்கி ஊதிக் குடித்தான்.

"எப்டி கீது?"

"நல்லாகீது. இன்னும் கொஞ்சம் ஊத்து."

அவளுக்குக் கண் கலங்கியது. ஒரு காலத்தில் ஒரு சிட்டிகை உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறவன். ஆறு மாதமாகச் சாப்பாட்டில் ஒரு குறை சொன்னதில்லை. மனுஷன் திருந்திவிட்டார் என்று இசைவாணியிடம் பெருமையாகக்கூடச் சொல்லியிருந்தாள்.

இசைவாணி குடங்களை இறக்கி வைத்துவிட்டு, மிச்சமிருந்ததில் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். அடுத்த நொடி சாக்கடைப் பக்கம் ஓடித் துப்பினாள்.

"யக்கா! இது இன்னா சூப்பா, மெரினா தண்ணியா? கறி வேக வெக்கச்சொல்லவே நான் உப்பு போட்டுட்டேனே!"

"நானும் போட்டேனே..."

"வாயில வெக்க முடியலக்கா. அண்ணன் எப்டிக் குடிச்சாரு?" சிரித்துக்கொண்டே கேட்டவள், செங்கமலத்தின் முகத்தைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

செங்கமலம் உள்ளே போனாள். இரண்டாவது டம்ளரும் காலியாகியிருந்தது. அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"உப்பு எப்டிங்க இருந்திச்சி?"

"சரியா இருந்திச்சே."

 அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மோகன் பின்வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தான். டம்ளரைத் தரையில் வைத்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மொதல்ல பெயின்ட் வாடை தெரியாமப் போச்சு, அப்பறம் உன் கொழம்போட ருசியும் போச்சு... டாக்டர் கேட்டா எல்லாம் தெரியுதுன்னுதான் சொல்லப் போறேன், திங்கக்கெழம வரைக்கும் நீ யாராண்டயும் சொல்லாத, செங்கமலம்."