நெஞ்சு வலி: இல்லை

அந்த மிஷினை அன்றைக்கே அடித்து நொறுக்கியிருக்க வேண்டும். பதினேழு நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆளுயரத்துக்கு, வெள்ளைவெளேரென்று, ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறது. நெற்றியில் 'நல்வரவு' என்று எழுதியிருக்கிறது. நல்வரவாம்!

என் பெயர் வெங்கடேஸ்வரி. ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு. என் வீட்டுக்காரர் சுந்தரபாண்டியன் பத்தொன்பது வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, ராஜபாளையத்தில் ஒரு மில்லில் செக்யூரிட்டியாக இருந்தார். வயது நாற்பத்தெட்டு. புரட்டாசிச் சனிக்கிழமை எங்கள் ஊரை ஒட்டிய பெருமாள் மலையான திருவண்ணாமலைக்குப் போய், எங்கேயும் உட்காராமல் மலையேறி இறங்கிய மனுஷர். அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்னங்க செய்யுது?"

"ஒண்ணுமில்லட்டி. வாய்வு. ராத்திரி மொச்சக்கொட்டக் கொழம்பு தின்னேம்லா."

எங்கள் பக்கத்து ஆம்பிளைகளுக்கு நெஞ்சு வலி வராது. வாய்வுதான் வரும். முதுகில் குத்தினால் வாய்வு, தோளில் இழுத்தால் வாய்வு, தாடை கடுத்தாலும் வாய்வு. என் மாமனார் வாய்வு என்று சொல்லிப் படுத்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. அப்படியும் எங்களுக்குப் புத்தி வரவில்லை. ஓமத் தண்ணி போட்டுக் கொடுத்தேன். சோடா வாங்கிக் கொடுத்தேன். எதற்கும் கேட்கவில்லை.

உள்ளூர்ப் பெரியாஸ்பத்திரிக்கே போயிருக்கலாம். பட்டாளத்துக்காரர் வைத்தியக் கார்டு ராஜபாளையத்தில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் செல்லும், அங்கே நல்லபடியாகப் பார்ப்பார்கள் என்று நான்தான் ஆட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தக் கோபம் எனக்கு என் மேல்தான்.

போன வருஷம் வரைக்கும் அங்கே சீட்டு எழுத பரிபூரணம் என்று ஒருத்தி இருந்தாள். சரியான சிடுமூஞ்சி. அவளோடு நானே இரண்டு தடவை சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் ஆளை நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பாள். இப்போது அவள் இல்லை. அவள் இருந்த இடத்தில் இந்த மிஷின். எந்த இடத்தில் விரலை வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஷிஃபா என்று ஒரு சின்னப் பெண்ணைக் கோட்டு மாட்டி நிறுத்தியிருந்தார்கள்.

அவர் வலது கை நெஞ்சிலேயே இருந்தது. அதனால் மிஷினில் நான்தான் அமுக்கினேன். போன் நம்பர் கேட்டது, போட்டேன். ஓடிபி கேட்டது, அதையும் போட்டேன். அதற்குப் பிறகு அது வாயைத் திறந்தது.

"உங்களுக்கு நெஞ்சு வலி உள்ளதா?"

கோயில் ஒலிபெருக்கி தோற்றது போங்கள். பின்னால் நின்ற இருபது பேரும் எங்களைப் பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் அவருடைய மில்லில் வேலை பார்ப்பவர்கள். ஒருத்தர் அங்கிருந்தே சல்யூட் அடித்தார். பட்டாளத்தில் உடம்புக்கு முடியவில்லை என்று போய் நிற்பவனைக் கூட இருப்பவர்கள் கேலி பேசியே கொல்வார்களாம். பத்தொன்பது வருஷத்தில் ரெண்டே தடவைதான் போனேன் என்று இவர் பெருமையடிப்பார். அப்படிப்பட்ட மனுஷர் இருபது பேர் முன்னால் ஆமாம் என்பாரா? கையை நெஞ்சிலிருந்து எடுத்துவிட்டு விறைப்பாக நின்றார்.

"இல்லன்னு போடுட்டி. வாய்வுதான?"

போட்டேன்.

"மூச்சுத் திணறல் உள்ளதா?"

"இல்லன்னு போடு."

"வழக்கத்தை விட அதிகமாக வியர்க்கிறதா?"

அவர் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. தலைக்கு மேலே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஏட்டி, ஆளுக பாக்காகள்லா? இல்லன்னு போட்டுட்டு வா."

போட்டேன். கண் முன்னால் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்த மனுஷருக்கு வேர்க்கவில்லை என்று நான்தான் அமுக்கினேன். மிஷின் நன்றி சொல்லிச் சீட்டைத் துப்பியது. பொது மருத்துவம், 64. நேரம் 9.42. போர்டில் 31 ஓடிக்கொண்டிருந்தது. அவரை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தேன்.

பத்து மணி சுமாருக்கு அவர் உதடு வெளுத்துவிட்டது. ஷிஃபாவிடம் ஓடினேன்.

"பாப்பா, அவியளுக்கு ரொம்ப முடியல. மொதல்ல டாக்டர்ட்ட விடு."

"டோக்கன் மாத்தணும்னா திரும்ப மிஷின்லதான்க்கா போடணும். கையால எழுதக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

திரும்பப் போட்டேன். 'இந்த எண்ணுக்கு இன்று டோக்கன் வழங்கப்பட்டுள்ளது. தயவுசெய்து காத்திருக்கவும்' என்றது. எவ்வளவு மரியாதை பாருங்கள்! அந்தப் பெண் கையைப் பிசைந்தாள்.

"மேனேஜர் சார் பாஸ்வேர்டு போட்டாத்தான்க்கா மாறும். மீட்டிங்ல இருக்காங்க. செத்த நேரம் இருங்கக்கா."

டாக்டர் அறை வாசலுக்குப் போனேன். அறுபத்து நாலுக்கு இன்னும் நேரமிருக்கிறது என்று வாசலில் நின்ற ஆள் கையை நீட்டி மறித்தான். சண்டை போட்டேன். நாங்கள் மட்டும் சும்மாவா உட்கார்ந்திருக்கிறோம் என்று வரிசையில் இருந்தவர்கள் என்னை ஏசினார்கள். அந்தச் சத்தத்தில் யாரோ "விழுந்துட்டாரு!" என்று கத்தினார்கள். திரும்பிப் பார்த்தால் அவர் தரையில் கிடந்தார். அப்போது மணி 10.25. அதற்குப் பிறகு யாரும் டோக்கன் கேட்கவில்லை. எல்லாரும் ஓடி வந்தார்கள். 11.10க்கு முடிந்துவிட்டது என்று சொன்னார்கள்.

மதியம் மேனேஜர் கௌதம்ராஜ் என்னை அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை முன்னால் வைத்தார். நெஞ்சு வலி: இல்லை. மூச்சுத் திணறல்: இல்லை. வியர்வை: இல்லை.

"எங்களுக்கும் வருத்தமாத்தாம்மா இருக்கு. ஆனா உங்க சைடுல தப்பான தகவல் கொடுத்திருக்கீங்க. பாத்துட்டேன்னு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுருங்க."

எனக்கு அழுகை வரவில்லை. உச்சந்தலை வரைக்கும் எரிந்தது.

"ஆமா, பொய்தான். அமுக்குனது நாந்தான். எம் பொய்ய நான் சாகுற மட்டும் செமந்துட்டுத் திரியுதேன். ஒங்க மிஷினு மூணு கேள்வி கேட்டுச்சே, ஒருக்காவாவது அவிய மொகத்தப் பாத்துச்சா?"

"அது மிஷின்மா. அது எப்படிப் பாக்கும்?"

"பாக்காதுன்னு தெரிஞ்சும் அத எதுக்கு வாசல்ல கொண்டாந்து நிப்பாட்டுனீக?"

அவர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். நான் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

நேற்றுப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. இன்றைக்குக் காலையில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி வந்து அந்த மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டேன். அடிக்க வேண்டும் என்றுதான் வந்தேன். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை என்பது இங்கே வந்த பிறகுதான் உறைத்தது. ஷிஃபா என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒன்பதரை மணிக்குப் பிளவக்கல் பக்கத்திலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். ஐம்பது வயதிருக்கும் அந்த ஆளுக்கு. நெஞ்சில் கை. பெண்டாட்டி மிஷின் முன்னால் முழித்தாள்.

"இங்கிட்டு வா, நான் போட்டுத் தாரேன்" என்றேன். நம்பரும் ஓடிபியும் போட்டேன். மிஷின் அதே குரலில் அதே கேள்வியைக் கேட்டது.

"அதெல்லாம் இல்ல தாயி. வாய்வுதான்" என்றார் அந்த ஆள்.

நான் 'ஆம்' என்று அமுக்கினேன். அடுத்ததற்கும் ஆம். அதற்கடுத்ததற்கும் ஆம்.

கௌதம்ராஜ் எங்கிருந்தோ ஓடி வந்தார். "என்னம்மா பண்றீங்க? அவரே இல்லைங்கிறாரு, நீங்க பாட்டுக்கு அமுக்குறீங்க. போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்புடுங்க. வாரவுகளும் எங்க ஊர் ஆம்பிளையகதான். அவுகளுக்கும் வாய்வுதான் வரும்."

அதற்குள் மிஷின் சிவப்பாக மாறி, உள்ளே எங்கேயோ மணி அடித்தது. மருந்துக்கடைக்குப் பக்கத்தில் போர்டு எதுவும் இல்லாமல் இருந்த கதவைத் திறந்துகொண்டு இரண்டு நர்சுகள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்கள். வாய்வு, வாய்வு என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷரை அதில் உட்கார வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். முழுசாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அவரை உட்கார வைத்தேனே, அந்த பெஞ்சு அந்தக் கதவை ஒட்டித்தான் இருக்கிறது. நாற்பத்து மூன்று நிமிஷம் அவர் அந்தக் கதவில் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தார்.