எல் செய்போவின் மூன்று சாவிகள்

தெல்மாவிடமும் அதெல்மோவிடமும்தான் சாவியைக் கொடுக்க வேண்டும் என்று முதலில் சொன்னவள் மருந்துக்கடை கிரிசெல்தா. எல் செய்போ கிளப்பின் பொதுக்கூட்டத்தில் அவள் அதைச் சொன்னதும் கூடமே சிரித்தது. அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரத் தென்புறத்தில் அந்த இருவரைப் பற்றித் தெரியாதவர்கள் கிடையாது. தெல்மா கிளப்பில் சிறுமிகளுக்குச் சக்கரச் சறுக்காட்டம் சொல்லித்தருபவள். அதெல்மோ, பின்கட்டில் மரக்குண்டு உருட்டும் ஆட்டக்காரர்களுக்குத் தலைவன். தொப்பை வந்து எத்தனையோ காலமாகியும் ஊர் அவனை 'ஒல்லி' என்றுதான் கூப்பிடும். இருவரும் கணவன் மனைவியாக இருந்து பிரிந்தவர்கள். பிரிந்தபின் ஒரே கிளப்புக்குத் தினமும் வந்துபோயும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவன் முன்வாசலில் வந்தால் அவள் பக்கவாசலில் போய்விடுவாள்.

"சிரிக்காதீங்க," என்றாள் கிரிசெல்தா. "இவங்க ரெண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து திருடுவாங்கன்னு யாராவது நம்புறீங்களா? நம்புறவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

சறுக்காட்டத் தளத்தின் கூரைக்காகச் சேர்த்த டாலர் நோட்டுகளை பிஸ்கட் டப்பாவோடு தூக்கிக்கொண்டு பழைய பொருளாளர் பிரேசில் பக்கம் போய்விட்டதால் கூட்டிய கூட்டம் அது. வங்கியில் போடலாம் என்று யாரோ சொன்னதற்கு, நாற்பதைத் தாண்டிய எல்லோரும் ஒரே குரலில் "வேண்டாம்!" என்றார்கள். வங்கிகள் கதவைச் சாத்திக்கொண்டு, சொந்தப் பணத்தைக் கேட்டவர்களைத் தெருவில் நிறுத்திய அந்த வருடத்தை அவர்கள் மறக்கவில்லை. தெல்மாவும் அன்றைக்கு எதிர்ப்புக் காட்டி, காலிச் சட்டியைத் தட்டிக்கொண்டு தெருவில் நின்றவள்தான். இப்போது பார்சிலோனாவிலும் மிலானிலும் வாழ்க்கையை ஓட்டும் கிளப்பின் பழைய பிள்ளைகள் கூரைக்குப் பணம் அனுப்பத் தயாராக இருந்தார்கள். எங்கே அனுப்புவது என்பதுதான் கேள்வி. கிரிசெல்தா பிட்காயின் என்றாள்.

"அப்போ பணம் எங்க இருக்கும்? உன் கம்ப்யூட்டர்லயா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"என் கம்ப்யூட்டர்ல இல்லைங்க. எந்தக் கணக்குல எவ்வளவுன்னு எழுதியிருக்கிற பதிவேடு உலகம் பூரா நகல் நகலா இருக்கு. அதுலேர்ந்து நம்ம பணத்தை நகர்த்துற சாவி மட்டும்தான் நம்ம கையில. மூணு சாவி பண்ணுவோம், அவங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு. எந்த ரெண்டு சேர்ந்தாலும் திறக்கும், ஒண்ணு மட்டும் இருந்தா ஒண்ணும் நடக்காது. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இதுக்கு மேனேஜர் கிடையாது. தொலைச்சுட்டேன்னு போய் அழறதுக்கு பேங்க் ஜன்னலும் கிடையாது."

அந்தக் கடைசி வார்த்தைதான் தெல்மாவுக்குப் பிடித்தது. அழுவதற்கு ஜன்னல் இருந்த காலத்தில் அழுது என்ன கிடைத்தது?

அடுத்த ஞாயிறு, கடை மூடியிருந்த நேரத்தில், மருந்துக்கடையின் பின்னறையில் மூவரும் கூடினார்கள். கிரிசெல்தா ஆளுக்கொரு சின்னக் கருவியைக் கொடுத்தாள். பார்க்கப் பழைய பேஜர் மாதிரி இருந்தது. பித்தானை அழுத்தினால் திரையில் ஒவ்வொன்றாகப் பன்னிரண்டு வார்த்தைகள் வரும், அவற்றை வரிசை மாறாமல் பென்சிலால் எழுதிக்கொள்ள வேண்டும், கருவி உடைந்தாலும் ஆற்றில் விழுந்தாலும் அந்த வார்த்தைகளே சாவி என்று விளக்கினாள். தெல்மா சுவரைப் பார்த்தபடி ஒரு மூலையிலும், அதெல்மோ தராசுக்குப் பக்கத்தில் இன்னொரு மூலையிலும் உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு தாளில் எழுதத் தொடங்கினார்கள்.

திடீரென்று அதெல்மோ வாய்விட்டுச் சிரித்தான். "அட, எனக்கு முதல் வார்த்தையே கழுதை!"

கிரிசெல்தா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஒல்லி! அதைச் சத்தம் போட்டுச் சொல்லக்கூடாதுன்னு இப்பத்தானே சொன்னேன்?"

"ஒரு வார்த்தைதானே?"

"ஒரு வார்த்தையும்தான். அழிங்க. முதல்லேர்ந்து ஆரம்பிங்க."

"பாவம், நல்ல கழுதையா இருந்துச்சு," என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் அழித்தான். தெல்மா சுவரைப் பார்த்தபடியே சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவனுடைய நகைச்சுவைக்குச் சிரிப்பதில்லை என்பது அவள் வெகுநாள் வைத்திருந்த விரதம்.

அதற்குப் பிறகு கிரிசெல்தா செய்தது தெல்மா எதிர்பாராதது. மூன்று சாவிகளையும் சேர்த்துக் கிளப்புக்கு ஒரு பெட்டகத்தை உண்டாக்கி, கொஞ்சம் பணத்தை அதற்குள் அனுப்பி, "இப்போ உங்க கருவியைச் சுத்தமா அழிச்சிடுங்க, டீச்சர்," என்றாள்.

"உள்ள பணம் இருக்கேம்மா!"

"அதுக்குத்தான். நீங்க எழுதினது சரியா இல்லையான்னு இன்னைக்கே தெரிஞ்சுக்கணும். கூரைப் பணம் வந்தப்புறம் தெரிஞ்சு என்ன பண்றது?"

தெல்மா அழித்தாள். கருவி, வாங்கிய அன்றைக்கு இருந்ததுபோல வெறுமையாகிவிட்டது. தாளைப் பார்த்து ஒவ்வொரு வார்த்தையாக உள்ளிட்டாள். கடைசி வார்த்தைக்குப் பின் திரை ஒரு கணம் யோசித்தது. பிறகு எல்லாம் பழையபடி வந்து நின்றது. போட்டிக்குத் தயாராகும் சிறுமிகளுக்கு முதலில் விழக் கற்றுக்கொடுப்பவள் அவள். பணத்தோடும் ஒருத்தி அதையே செய்கிறாளே என்று கிரிசெல்தாவை அன்றைக்கு வியப்போடு பார்த்தாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். எந்த அதிகாரியின் கையெழுத்தும் இல்லாமல், தன் கையில் இப்படி ஒரு பொறுப்பு இருந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பணம் வரத் தொடங்கியது. கிளப்பின் பழைய கணினியில் யார் வேண்டுமானாலும் தொகையைப் பார்க்கலாம், யாரும் தனியாகத் தொட முடியாது. சின்னச் செலவு வந்தால் கிரிசெல்தாவும் இருவரில் ஒருவரும் சேர்ந்து சாவி போடுவார்கள். தெல்மாவும் அதெல்மோவும் சேர்ந்து போட வேண்டிய அவசியமே வரவில்லை.

கோடை விடுமுறையில் கிரிசெல்தா மகளை அழைத்துக்கொண்டு ஆண்டிஸ் மலைக்குப் போனாள். சிக்னல் கிடைக்காது என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஒரு நாள் மாலை தெல்மா தளத்தில் பாட்டுப் போட்டுச் சிறுமிகளைச் சுழலவைத்துக்கொண்டிருந்தபோது, அதெல்மோ சைக்கிளை முன்வாசலில் அப்படியே போட்டுவிட்டுத் தளத்துக்குள் ஓடிவந்தான். சறுக்குத் தளத்தில் செருப்புக்காலோடு யாரும் வரக்கூடாது. அவன் வந்தான். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. பெற்றோர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெல்மா, நான் ஏமாந்துட்டேன்," என்றான்.

அவள் பாட்டை நிறுத்தினாள்.

"ஒருத்தன் போன் பண்ணினான். கருவி பண்ற கம்பெனியிலேர்ந்து பேசறேன், உங்க கணக்கு ஆபத்துல இருக்கு, உடனே நான் அனுப்புற வெப் பக்கத்துல வார்த்தையெல்லாம் போடுங்கன்னான். போட்டேன். எல்லாத்தையும் போட்டேன். கடைசி வார்த்தை போட்டதும் பக்கம் காணாமப் போச்சு. அப்பத்தான் உறைச்சுது."

"எப்போ?"

"இப்பத்தான். சொல்லத்தான் ஓடிவரேன்." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். "இன்னொண்ணும் இருக்கு. வேற யார்கிட்ட சாவி இருக்குன்னு கேட்டான். உன் பேரையும் நம்பரையும் கொடுத்துட்டேன்."

பெஞ்சில் இருந்த ஒருவர் "அடப்பாவி!" என்றார்.

தெல்மாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவள் கண்முன் வேறொன்றுதான் வந்தது. துறைமுகத்தில் வேலை போனதை மறைத்து, மாதக்கணக்கில் காலையில் சீருடை போட்டுக்கொண்டு கிளம்பி, நாளெல்லாம் ஆற்றங்கரையில் உட்கார்ந்துவிட்டு வீடு திரும்பிய அதெல்மோ. வேலை போனதற்காக அல்ல, அந்த மறைப்புக்காகத்தான் அவனை விட்டு விலகினாள். அதே மனுஷன் இன்று ஊர் பார்க்க, தொடையில் சைக்கிள் எண்ணெய்க் கறையோடு வந்து நின்று, தன் முட்டாள்தனத்தை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் அவளுடைய போன் அடித்தது. தெரியாத எண்.

"வணக்கம் அம்மா, உங்க கருவிக்கு ஒரு அவசரப் பாதுகாப்புச் சோதனை..." என்று ஆரம்பித்தது தேன் தடவிய ஒரு குரல்.

"தம்பி, வார்த்தைதானே வேணும்? எழுதிக்கோ," என்றாள் தெல்மா. "முதல் வார்த்தை கழுதை. மீதி பதினொண்ணும் அதேதான்." போனை வைத்துவிட்டாள்.

பெஞ்சு வெடித்துச் சிரித்தது. அதெல்மோ சிரிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒரு சாவியை வச்சு அவனால ஒண்ணும் பண்ண முடியாது," என்றாள் அவள். "ஆனா ரெண்டாவதைத் தேடிட்டு இருக்கான். கிரிசெல்தா வர வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நம்ம ரெண்டு பேர்கிட்ட ரெண்டு சாவி இருக்கு. உன் கருவியை எடுத்துட்டு வா. நான் போய் என்னோடதையும், அவ அவசரத்துக்குன்னு கொடுத்துட்டுப் போன புதுக் கருவியையும் எடுத்துட்டு வரேன்."

சிறுமிகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கிளப் அலுவலகத்தில் கணினியின் முன் இருவரும் உட்கார்ந்தார்கள். புதிய பெட்டகம் ஒன்று வேண்டும். தெல்மாவின் சாவியும் கிரிசெல்தாவின் சாவியும் அதிலும் அவையேதான், அதெல்மோவுக்கு மட்டும் புதிது. கிரிசெல்தா மலையில் இருந்தாலும், அவளுடைய சாவியைப் பெட்டகத்தில் சேர்க்கத் தேவையான பொது எண் கிளப் கணினியிலேயே பதிவாகியிருந்தது. அவன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு புதுக் கருவியின் வார்த்தைகளை எழுதினான். வாயைத் திறக்கவில்லை. பிறகு, தெல்மா சொல்லாமலேயே கருவியை அழித்து, எழுதியதை வைத்து மீட்டுப் பார்த்தான்.

புதிய பெட்டகத்துக்கு ஒரு முகவரி வந்தது. எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட சரம். கணினியில் தெரிவதும் கருவியில் தெரிவதும் ஒன்றுதானா என்று ஒருவர் படிக்க, மற்றவர் சரிபார்க்க வேண்டும்.

"கியூ," என்றான் அதெல்மோ.

"கியூ," என்றாள் தெல்மா.

"ஏழு. எக்ஸ். இன்னொரு ஏழு."

"ஏழு. எக்ஸ். ஏழு. மெதுவாப் படி, எனக்குக் கண்ணாடி மாத்தணும்."

கத்தலும் அழுகையும் இல்லாமல் அவர்கள் பேசிக்கொண்டது எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான். தேனொழுக எதுவுமில்லை, எழுத்துகளும் எண்களும் மட்டும். ஆனாலும் அவன் படிக்கும் வேகத்துக்கு அவள் மூச்சு பழகிவிட்டிருந்தது. கடைசி எழுத்தும் சரியாக இருந்தது. முதலில் கொஞ்சம்போல அனுப்பினார்கள். பழைய பெட்டகத்தில் தெல்மா ஒரு சாவி போட்டாள், அதெல்மோ திருட்டுப்போன தன் பழைய சாவியைப் போட்டான். அது பதிவேட்டில் ஏறும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தெல்மா வெந்நீர் போட்டு, ஒரே குழலில் மாறி மாறிக் குடிக்கும் மாத்தே இலைத் தேநீரைக் கலந்து, தான் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு அவன் பக்கம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான்.

"நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்," என்றாள். "என் சாவி அவன்கிட்ட மாட்டியிருந்தா, யார் மேல தப்புன்னே யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காதுதான்." அவன் குழலை மெதுவாக உறிஞ்சினான். "சைக்கிளை ஆத்துப்பக்கம் திருப்பிட்டேன், தெல்மா. பொய் சொல்ல மாட்டேன். ஒரு தெரு தூரம் போயிட்டேன். அப்புறம் அங்க போய் எந்தக் கல்லுல உட்காருவேன்னு மனசுக்குள்ளயே தெரிஞ்சுது. அது பயமா இருந்துச்சு. திரும்பிட்டேன்."

அவனுக்குத் திரும்ப எவ்வளவு பலம் வேண்டியிருந்திருக்கும் என்பது இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் சரியாகத் தெரியும்.

"ஆறிடப்போகுது, குடி," என்று மட்டும் சொன்னாள்.

சோதனைத் தொகை போய்ச் சேர்ந்திருந்தது. மறுபடி ஒருமுறை முகவரியைப் படித்துப் பார்த்துவிட்டு, முழுப் பணத்தையும் அனுப்பினார்கள். இருட்டுவதற்குள் பழைய பெட்டகம் காலியாகிவிட்டது. திருடன் கையில் இருந்தது இனி ஒரு காலிப் பெட்டகத்தின் மூன்றில் ஒரு சாவி.

கிரிசெல்தா மலையிலிருந்து இறங்கியதும் செய்தி கேட்டு, பேருந்து நிலையத்திலேயே உட்கார்ந்துவிட்டாளாம். வந்து எல்லாவற்றையும் சரிபார்த்தாள். "நான் இருந்திருந்தாலும் இதைத்தான் பண்ணியிருப்பேன், டீச்சர்," என்றாள். "இவ்வளவு சீக்கிரம் பண்ணியிருப்பேனான்னு தெரியல."

அடுத்த பொதுக்கூட்டத்தில் அதெல்மோவின் சாவியைப் பிடுங்க வேண்டும் என்று பலர் எழுந்தார்கள். அவனே எழுந்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். தெல்மா கடைசி வரிசையிலிருந்து பேசினாள்.

"பழைய பொருளாளர் ஓடினது நமக்கு எப்போ தெரிஞ்சுது? டப்பாவைத் தேடினப்போ. ஒல்லி ஏமாந்தது எப்போ தெரிஞ்சுது? அவன் ஏமாந்த அன்னைக்கே, அவன் வாயாலயே. ஏமாறாத ஆளை எங்க போய்த் தேடுவீங்க? மறைக்காத ஆளை இங்கயே வச்சிருக்கோம். என் பேச்சை நீங்க நம்பலாம். இவனைப் பத்தி நல்லதாப் பேசறதுக்கு எனக்கு ஒரு காரணமும் கிடையாது."

கூடம் சிரித்தது. சாவி அவனிடமே இருந்தது.

இலையுதிர் காலத்தில் பக்கத்து கிளப்புகளிலிருந்து இந்தச் சாவி ஏற்பாட்டைப் பற்றிக் கேட்டு வரத் தொடங்கினார்கள். தொடங்குவது எப்படி என்பதைக் கிரிசெல்தா சொல்லித்தருவாள், எதைச் செய்யக்கூடாது என்பதை அதெல்மோ சொல்லுவான். ஒரு சனிக்கிழமை, ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து கிளப்பில் அவன் பேசப்போவதாகக் கேள்விப்பட்டுத் தெல்மாவும் போனாள். சொல்லிக்கொள்ளாமல் போய்ப் பின்னால் நின்றுகொண்டாள்.

அவன் கையில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றான். "வணக்கம். பன்னிரண்டு வார்த்தையையும் ஒரு திருடனுக்கு எழுத்துப்பிழை இல்லாம எழுதிக்கொடுத்த முட்டாள் நான்தான்," என்று தொடங்கினான். கூடம் சிரித்து ஓயும்வரை பொறுமையாகக் காத்திருந்தான். பிறகு அந்தக் குரல் எப்படிப் பேசியது, எந்த இடத்தில் தனக்குச் சந்தேகம் வந்தது, வந்தும் எதனால் தொடர்ந்தான் என்று கூச்சமே இல்லாமல் சொன்னான். பெரியவர்கள் முன்னுக்குச் சாய்ந்து கேட்டார்கள். முன்வரிசையில் ஒரு பெண், "கேட்கிறவன் பெரிய கம்பெனி ஆளா இருந்தா?" என்றாள்.

"போப்பாண்டவரே போன் பண்ணினாலும் சொல்லாதீங்க, அம்மா. பெத்த பிள்ளை கேட்டாலும் சொல்லாதீங்க. சொல்லிட்டீங்கன்னா, ஆத்துப்பக்கம் போகாதீங்க. உடனே ஓடிப்போய் மத்தவங்ககிட்ட சொல்லுங்க. அவங்க திட்டுவாங்க. திட்டட்டும்."

அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டு அருகில் இருந்தவளிடம் எதையோ சொன்னாள். தெல்மா சுவரில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, அவன் பேசி முடிக்கும்வரை நின்று கேட்டாள்.