இருபத்தொன்பது, பெண்

"என்னைவிட இவளுக்குப் பிரீமியம் ஜாஸ்தியா? ரெண்டு வயசு சின்னவ சார்," என்றார் என் கணவர்.

மருத்துவக் காப்பீட்டு ஏஜென்ட் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "இந்த வயசுல பொம்பளைங்களுக்கு ஜாஸ்தியாத்தான் வரும் சார். பிரசவம் இருக்குல்ல? அம்பதைத் தாண்டினா உங்களுக்கு ஏறும். அப்ப மேடம் சிரிப்பாங்க."

இவர் இப்போதே சிரித்தார். லிஃப்ட் மெக்கானிக், எந்த வேலையையும் தானே செய்து முடித்தால்தான் தூக்கம் வரும். படிவத்தையும் அப்படித்தான் பிடுங்கிக்கொண்டார். என் உயரம், என் எடை, என் ரத்த வகை எல்லாம் அவரே எழுதினார். நான் என்ன ஊமையா என்று எரிச்சலாக இருந்தது. வாயைத் திறக்கவும் பயம்.

"முன்னாடி ஆபரேஷன் ஏதாவது?"

"இவளுக்குக் குடல்வால் எடுத்திருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடி."

"டிஸ்சார்ஜ் சம்மரி வேணுமே. ஏதாவது மறைச்சிருந்தா நாளைக்கு ஒரு பைசா பெயராது."

அது என் கைப்பையில்தான் இருந்தது. காலையில் எடுத்து, திரும்ப அலமாரியில் வைத்து, மறுபடி எடுத்து வந்திருந்தேன். குடல்வால் உண்மைதான். அது வெடித்துச் சீழ் பரவி, இரண்டு கருக்குழாய்களையும் எடுத்ததைத்தான் இவரிடம் சொல்லவில்லை. "கல்யாணம் ஆகட்டும், பக்குவமா சொல்லிக்கலாம்," என்றார் அப்பா. எட்டு மாதமாகியும் அந்தப் பக்குவம் வரவில்லை. மாமியார் மாதாமாதம் என் முகத்தையே பார்க்கிறார்.

"வீட்ல எங்கயாவது இருக்குமா?" என்றார் இவர்.

தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். காகிதத்தை எடுத்து நீட்டினேன், ஏஜென்டிடம் அல்ல, இவரிடம்.

ஒரே பக்கம்தான். இரண்டு முறை படித்தார். காது மடல் சிவந்தது. எழுந்து போய்விடுவார் என்றே நினைத்தேன். மின்விசிறிக் காற்றில் படிவம் படபடத்தது, யாரும் பிடிக்கவில்லை.

"சார்," என்றார் கடைசியில். "பிரசவத்துக்குன்னு ஏத்தினீங்களே. அது இல்லைன்னா இவளுக்குக் குறையுமா?"

ஏஜென்ட் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "குறையாது சார். வயசு என்ன, ஆணா பொண்ணா, இதைத்தான் சிஸ்டம் கேக்கும். மேடம் இருபத்தொன்பது, பெண். அவ்வளவுதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கே நான் சொல்லிக்கொள்ள முடியாததை, எந்தச் சந்தேகமும் இல்லாமல் அந்த சிஸ்டம் சொல்லிவிட்டது.

இவர் எழுந்து போகவில்லை. பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

"மிச்சத்தை நீயே எழுது," என்றார். "எல்லாத்தையும் எழுது."