பாயில் ஓர் இடம்

தியாகராசாவுக்கு முழங்கால் நோவைவிடச் சீட்டாட்டத்தில் இடம் போனதுதான் பெரிய நோவு.

உடுவில் ஊரில், மார்க்கண்டு வீட்டு வேப்பமரத்தடியில் பாய் விரித்துப் பின்னேரங்களில் நாலு பேர் முந்நூற்றிநாலு விளையாடுவார்கள். தொண்ணூற்றியோராம் ஆண்டு மாசியில் ஒருநாள் சுடவரும் ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டது. மார்க்கண்டு, தம்பிராசா, பரமலிங்கம் மூவரும் பங்கர்க் குழிக்குள் பதுங்கப் பாய்ந்தார்கள். தியாகராசாவால் எழும்ப முடியவில்லை. கையில் தாளோடு பாயிலேயே இருந்தார். ஹெலி போனபிறகு வந்து, இருவர் பிடித்துத் தூக்கினார்கள்.

அடுத்தநாள் அவருக்கு மட்டும் கதிரை போட்டார்கள். நாலு நாளும் அவர் பக்கமே வென்றது. ஐந்தாம் நாள்தான் தம்பிராசாவுக்கு விளங்கியது.

“மேலை இருந்து எங்கடை தாள் முழுக்கப் பாக்கிறீர், என்ன?”

“கண் இருந்தால் தெரியுந்தானே.”

கதிரை தடைசெய்யப்பட்டது. மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த கனிசியஸ் அவர் இடத்தில் அமர்ந்தார். மார்க்கண்டு தீர்ப்புச் சொன்னார்: “ஒருத்தரும் பிடிக்காமல் எழும்ப ஏலுமெண்டால் வாரும். சித்திரை வருசப்பிறப்பு வரைக்கும் பாப்பம். பிறகு இடம் கனிசியசுக்குத்தான்.”

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சிச் சிகிச்சை கொடுக்கும் தேவகுமாரி முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். “மூட்டு தேய்ஞ்சு போச்சு, ஐயா. அதைத் திருப்பி வளக்க ஏலாது. தொடைச்சதை பலமாய் இருந்தால் மூட்டிலை பாரம் குறையும்.” கதிரையில் அமர்ந்து, கணுக்காலில் அரைக் கிலோ மண் பை கட்டி, காலை நீட்டி ஐந்து எண்ணும்வரை பிடிக்கவேண்டும். பத்துத் தரம், ஒருநாள் விட்டு ஒருநாள்.

அரைக் கிலோ! துலா மிதித்துப் புகையிலைக்கு இறைத்த கால் அது. வீட்டுக்கு வந்ததும் பங்கர் மண்மூட்டையை அவிழ்த்து மூன்று கிலோ அள்ளிக் கட்டினார்.

“இஞ்சருங்கோ, பங்கரைக் காலிலை கட்டிக்கொண்டு எங்கை போறியள்?” என்றாள் மனைவி பூரணம்.

மூன்றாம் நாள் முழங்கால் பூசணிக்காயாக வீங்கியது. தேவகுமாரி தலையில் அடித்துக்கொண்டாள்.

“புகையிலைக் கண்டு நட்ட அண்டைக்கே பசளை உரம் முழுக்கப் போடுவியளோ, ஐயா?”

“கண்டு கருகிப் போமே, பிள்ளை.”

“பின்னை?”

அது அவருக்கு விளங்கும் கதை. வீக்கம் வற்றியதும் அரைக் கிலோவில் தொடங்கினார். வாரத்துக்கு உள்ளங்கை அளவாக ஒரு சிரங்கை மண் கூட்டினார். கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பி அமரவும் பழகினார். பூரணம் அரிசி புடைத்தபடியே எண்ணினாள். ஒன்று பிசகினாலும் விடமாட்டாள்.

வருசப்பிறப்புக்கு இரண்டு நாள் முந்தி வேப்பமரத்தடிக்குப் போனார். கனிசியஸ் சிரித்துக்கொண்டே ஒதுங்கினார். தியாகராசா பாயில் மெல்ல இருந்தார்.

கீழே இருந்தால் அடுத்தவர் தாள் ஒன்றும் தெரியாது. மூன்று ஆட்டமும் போயிற்று. தோற்றவர்கள் காதில் ஈர்க்குக் கடுக்கன் போடுவது வழக்கம். தம்பிராசா ஈர்க்கைப் பிளந்து ஆசையாக மாட்டிவிட்டார். கூட்டாளி என்பதால் மார்க்கண்டுவின் காதிலும் மூன்று ஏறின.

“இனி எழும்பும், பாப்பம்,” என்றார் மார்க்கண்டு கடுப்போடு.

தியாகராசா ஒரு காலை மடக்கினார். ஒரு கையைப் பாயில் ஊன்றினார். தொடை நடுங்கியது. பரமலிங்கம் தன்னை அறியாமல் கை நீட்ட, “தொடாதையும்!” என்று அதட்டினார். பிறகு கடுக்கன்கள் ஆட ஆட நிமிர்ந்து நின்றார்.

“எழும்பப் பழகியாச்சு. விளையாட எப்ப பழகப்போறீர்?” என்றார் மார்க்கண்டு.

“தாளைக் கலக்கும்,” என்று சொல்லித் தியாகராசா மறுபடியும் பாயில் அமர்ந்தார்.