ஜோடி எழுத்து

மோகனா டீச்சருக்குக் கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். அன்று ஆம்பூர் ஷூ கம்பெனியின் சாப்பாட்டுக் கூடத்தில், கழற்றிய கண்ணாடி மேசையிலேயே கிடந்தது.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிறவர்களுக்குச் சொல்லித்தருவதே அவருக்குத் தொழில். வேலூர்ப் பள்ளிகளில் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியவர், இப்போது பஸ் ஏறி வந்து, ஷிஃப்ட் முடிந்த பெண்களுக்கு வகுப்பெடுக்கிறார். அவர்களில் ஃபிர்தௌஸ்தான் அவருக்குத் தலைவலியும் செல்லமும். தையலில் அவளை மிஞ்ச ஆளில்லை. சூப்பர்வைசர் வேலை அவளுக்குத்தான் என்று மேனேஜரே சொல்லிவிட்டார். ஆனால் ஷூவின் நிறமும் அளவும் எழுதிய வேலைச் சீட்டைப் படிக்கத் தெரிந்தாக வேண்டும். அவளோ ‘க’வை இடவலம் மாற்றி எழுதிவிட்டு, சரியாகத்தானே எழுதியிருக்கிறேன் என்று பார்ப்பாள்.

தடவிப் பார்த்தால் மனதில் பதியுமே என்று, தோல் துண்டுகளில் எழுத்து வெட்டித்தரும்படி கட்டிங் செக்‌ஷன் கோதண்டபாணியிடம் கேட்டிருந்தார் டீச்சர். மனிதர் பை நிறையக் கொண்டுவந்து கொட்டினார். பார்த்தால் ஒவ்வோர் எழுத்தும் இரண்டிரண்டு. ஒன்று நேராக, மற்றது கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி.

“இன்னாங்க இது?”

“ஜோடி மேடம். ஒத்தைக் காலுக்கு யாராச்சும் வெட்டுவாங்களா? பாதி எழுத்துதான் முடிஞ்சுது” என்றார் கோதண்டபாணி.

டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. எந்தக் குழப்பத்திலிருந்து அவளை மீட்கப் பாடுபட்டாரோ, அதையே இந்த மனிதர் மூட்டை கட்டிக் கொண்டுவந்திருக்கிறார்! போதாததற்கு ஃபிர்தௌஸ் அன்று வந்ததே வகுப்பை விட்டு நிற்கத்தான்.

“எனக்கு மண்டையில ஏறாது டீச்சர். பேஜாரா இருக்கு. சூப்பர்வைசர் வேலை வேணாம்னு மேனேஜர்கிட்ட சொல்லிடப்போறேன்.”

சொல்லிக்கொண்டே உட்கார்ந்தவளின் கை சும்மா இருக்கவில்லை. குவியலிலிருந்து இரண்டு ‘க’வையும் எடுத்து அருகருகே வைத்தது. இரண்டையும் மாறி மாறித் தடவினாள்.

“இதுல நீங்க எழுதுறது எது டீச்சர்?”

டீச்சர் ஒன்றைத் தொட்டுக் காட்டினார்.

“அப்போ இன்னொண்ணுதான் நான் எழுதுறது! இத்தினி நாளா ஒத்தையைக் காட்டித் தப்பு தப்புன்னா, எனக்கு எப்படித் தெரியும்? ஜோடியா வெச்சாத்தானே எது எந்தக் கால்னு கண்ணு சொல்லும்?”

இத்தனை வருட அனுபவத்தில் இது தனக்குத் தோன்றவில்லையே என்று டீச்சருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

ஃபிர்தௌஸ் மளமளவென்று பிரித்தாள். திரும்பிய எழுத்தையெல்லாம் “ரிஜெக்ட்” என்று கீழே தள்ளினாள். ‘ப’ வந்ததும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுக்கு மட்டும் ரெண்டு காலும் ஒண்ணுதான்! ஹவாய் செருப்புலகூட இப்படிக் கிடையாது!”

பிறகு வேலைச் சீட்டை இழுத்து வைத்துக்கொண்டாள். தோல் எழுத்தைத் தடவுவதும் சீட்டைப் பார்ப்பதுமாக, வியர்த்து விறுவிறுத்து, “க...ரு...ப்...பு” என்றாள். “கருப்பு!” என்று மறுபடி சத்தமாகச் சொன்னாள்.

கூடமே திரும்பிப் பார்த்தது. அவள் எழுந்து, கோதண்டபாணியைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள்.

“அண்ணே, மீதி எழுத்தும் நாளைக்கே வேணும். சூப்பர்வைசர் சொல்றேன், ஜோடியாவே வெட்டுங்க!”

மோகனா டீச்சர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கண் கலங்கியிருந்ததால் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.