பெல்ட் பக்கம்தான் ஒண்ணு

இன்ஜின் பிடித்துக்கொண்டதும் என் வீட்டுக்காரர் இடது கையால் பானட்டின் ஓரத்தில் ரெண்டு தட்டு தட்டினார். "பாத்தியா?" என்றார். "பாத்தேன், பாத்தேன். பெயின்ட்டை உரிச்சிடாதீங்க, பல் டாக்டர் நம்ம பல்லைப் பிடுங்கிடுவார்" என்றேன். கார் பல் டாக்டருடையது. முப்பது வருஷத்துப் பழசு. பொறியை நாலு சிலிண்டருக்கும் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிக் கடாசிவிட்டு, ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனியாகப் பொறி கிளப்ப ஒரு காயில் வைத்து, அந்த நாலையும் ஆட்டிவைக்க வெளியில் வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்றையும் பொருத்தச் சொல்லியிருந்தார். வயரிங் அவர் பொறுப்பு, லேப்டாப் என் பொறுப்பு. பதினாறு வருஷமாக எங்கள் ஷெட்டில் வேலை இப்படித்தான் பிரிந்திருக்கிறது.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பிழைத்து எழுந்தார். பேச்சு வந்தது, நடை வந்தது, வலது கை மட்டும் பாதிதான் வந்தது. "தலையில ஒண்ணும் பாதிப்பு இல்லம்மா, கை மெதுவா தேறும்" என்று டாக்டர் சொன்னார். ஆனால் ஒரு நாள் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டார். அன்றிலிருந்து அவரைவிட்டு என் கண் அகலவில்லை. எதையாவது மறந்தால் கோளாறு கையிலா தலையிலா என்று பார்ப்பேன். தண்ணீர் குடித்தாலும் பார்ப்பேன். பார்த்துப் பார்த்து எனக்கே சலித்துவிட்டது.

திங்கட்கிழமை அவர் அடுத்த ஊர் ஒர்க் ஷாப்புக்குப் போவதாக இருந்தது. ஒரே மாதிரி ஆறு வேன், இதே காயில் வேலை, ரெண்டு வாரம் அங்கேயே தங்கவேண்டும். "நான் மட்டும் போறேன்" என்று சொல்லிவிட்டார். அதற்கு இந்தக் கார்தான் பரீட்சை என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வயரில் கை வைக்கக்கூடாது என்று மட்டும் எனக்கு உத்தரவு. நாலு நாள் வேலை பதினோரு நாள் இழுத்தது. நானும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த ரெண்டு வாரத்துக்காக நான் ஏங்கிக் கிடந்தேன். யாரையும் பார்த்துக்கொள்ளாமல், ஒரு மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கவேண்டும். கட்டின புருஷனைப் பற்றி இப்படி நினைப்பது பாவம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

முதலில் ஓடவிடும்போது காயில்களை ஜோடி ஜோடியாகத்தான் அடிக்கவிடுவேன். ஒன்றாவது பிஸ்டனும் நாலாவதும் ஒரே நேரத்தில் மேலே வரும், ரெண்டும் மூன்றும் ஒரே நேரத்தில் மேலே வரும். எது பற்றவேண்டிய சிலிண்டர் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாவிட்டாலும் ரெண்டுக்கும் பொறி கொடுத்துவிடும். ஒன்று பற்றும், இன்னொன்று வீண். அப்படி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அவர் பானட்டைத் தட்டியது. "அணைச்சிட்டு, தனித்தனியா மாத்துறேன்" என்றேன். அவர் துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மாற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். காற்று உள்ளே போகிற வாய் வழியாகப் படார் என்று ஒரு வெடி. மறுபடி திருப்பினேன், மறுபடி வெடி. "பெட்ரோல் ரொம்ப விட்டிருப்பே" என்றார். சண்டைக்கு வருகிற குரல் இல்லை அது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. அவர் முகம் கழுவப் பின்பக்கம் போனதும், லேப்டாப்பில் ஒன்றாவது காயிலை மட்டும் சோதனைக்கு அடிக்கவிட்டேன். டிக், டிக், டிக். சத்தம் முன்னால் பெல்ட் பக்கமிருந்து வரவேண்டும். பின்னால் கியர்பாக்ஸ் பக்கமிருந்து வந்தது.

மறுபடி அடிக்கவிட்டுக் கேட்டேன், அதே பக்கம்தான். நாலு சிலிண்டரையும் தலைகீழாக எண்ணியிருக்கிறார். ஜோடியாக அடிக்கும்போது இந்தத் தப்பு வெளியே தெரியாது, ஒன்றுக்கும் நாலுக்கும் சேர்ந்தே பொறி போகுமே. பிரித்ததும் பொறி ஒரு முழுச் சுற்றுத் தள்ளி விழுகிறது. "பெல்ட் பக்கம்தான் ஒண்ணு, இதுகூடத் தெரியாம கையில டெஸ்டரைத் தூக்கிட்டு வந்துட்டான்" என்று ஊர் எலக்ட்ரீஷியன்களை எல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்ட மனுஷன் இவர். செருப்பு ஞாபகம் வந்தது. தலைதான் போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டேன்.

அப்புறம் செய்ததைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. பொறி விழுவதை ஒரு முழுச் சுற்றுத் தள்ளிவைக்க லேப்டாப்பில் ஒரே ஒரு எண்ணை மாற்றினேன். பத்து செகண்ட் வேலை. இன்ஜின் பூ மாதிரி ஓடியது. அவருக்காகச் செய்தேன் என்றுதான் சொல்லிக்கொண்டேன். ஆனால் எனக்குத் தெரியும், அந்தச் சாத்தின கதவுக்காகவும்தான்.

சத்தம் கேட்டு வந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை. "என்ன மாத்தினே?"

"ஒண்ணுமில்லங்க. ஒரு செட்டிங்."

"எவ்வளவு?"

இந்த மனுஷனிடம் எனக்கு ஒழுங்காகப் பொய் சொல்ல வந்ததே இல்லை. "முன்னூத்தி அறுபது டிகிரி" என்றேன்.

அவரே குனிந்து சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். "செவ்வாய்க்கிழமையே தெரியும்" என்றார். "இடது கை எட்டணும்னு எதிர்ப்பக்கம் நின்னு கட்டினேன். நம்பர் அந்தப் பக்கத்துலேருந்து விழுந்துடுச்சு. டேப் எல்லாம் சுத்தி முடிச்ச அப்புறம்தான் கண்ணுல பட்டுது."

"சொல்லியிருக்கலாம்ல?"

"கம்ப்யூட்டர் முனையில பிரிச்சு நாலு பின்னைப் பிடுங்கி மாத்தணும். ஊசி மாதிரி பின். ரெண்டு கை வேணும். நீ கடைக்குப் போன நேரமெல்லாம் உக்காந்து பாத்தேன். முடியல. நீ ஜோடியாவே ஓட விட்டுடுவேன்னு நெனச்சேன்."

தலை சரியாக இருக்கிறது! எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, ஒரு அறை விடலாம் போலவும் இருந்தது. "அடப் பாவி மனுஷா, நான் பயந்து செத்தேன்" என்றேன்.

"நீ ஏன் சொல்லாம மாத்தினே?"

"களைச்சுப் போயிட்டேங்க" என்றேன். அவர் தலையை ஆட்டினார். தெரிந்த விஷயத்துக்கு ஆட்டுவது மாதிரிதான் இருந்தது.

அப்புறம் கம்ப்யூட்டர் முனையிலிருந்து வயர்க் கட்டைத் தூக்கினார். "பிரி. இப்படியே விட்டா, நாளைக்கு எவனாவது திறந்து பாத்துட்டு நம்மளைத் திட்டுவான்." நான் டேப்பின் நுனியை நகத்தால் தேடினேன். இறுக்கமாகத்தான் சுற்றியிருந்தார், பழைய இறுக்கம். எத்தனை மணி நேரம் ஆகியிருக்குமோ.

"திங்கக்கிழமை நீயும் வரியா?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் டேப்பின் அடுத்த சுற்றைக் கிளப்பினேன். டேப் பிரியப் பிரியப் பசை விரலெல்லாம் ஒட்டியது. இடது கையால் அவர் வயர்க் கட்டைத் தூக்கிப் பிடித்திருந்தார். வலது கையும் உதவிக்கு வந்து அதன்மேல் கிடந்தது, ஒன்றையும் பிடிக்காமல். அதை நகர்த்தச் சொல்லாமல், அதற்கு அடியில் விரலை விட்டு, ஒவ்வொரு சுற்றாக உருவிக்கொண்டிருந்தேன்.